தியாகதுருகம் கேட்கும் கேள்வி

தோழனே!

சில திங்களுக்கு முன் கள்ளக்குறிச்சியிலே ஒரு கூட்டம். திப்பு சுல்தானைப் பற்றிப் பேச மூவர் வந்திருந்தனர். மூவரும் முழங்கினர். புலி என்றனர், போர்முரசு என்றனர், வெள்ளையன் தூக்கத்தைக் கெடுத்த வேங்கை என்றனர். ஒவ்வொரு முறையும் கையொலி எழுந்தது. நானும் தட்டினேன், மறைப்பானேன்!

கூட்டம் கலைந்தது. தேநீர்க் கடையருகே நின்றுகொண்டிருந்தோம். தியாகதுருகத்துப் பிள்ளை ஒருவன், படித்தவன், பணிவுள்ளவன், பேச்சாளர்களிடம் வந்து கேட்டான்: "ஐயா, எங்கள் ஊர்க் குன்றின்மேல் இடிந்து கிடக்கிறதே கோட்டை, அதை வளைத்துக்கொண்டு திப்பு போரிட்டான் என்று படித்தேன். எங்கள் முன்னோர் கோட்டைப் பக்கம், அவன் எதிர்ப்பக்கம். அப்படியானால் அவன் எங்களுக்கு யார்?"

முதலாமவர், "அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை" என்றார். இரண்டாமவர் கடிகாரத்தைப் பார்த்து, சேலம் பேருந்து வந்துவிடும் என்றார். மூன்றாமவர் தேநீர்க் குவளையை விட்டுத் தலையெடுக்கவேயில்லை. நானோ வாய் திறக்காமல் நின்றேன். நால்வரில் யார் பெரிய குற்றவாளி என்று நீயே முடிவு செய்துகொள்.

அந்தப் பிள்ளை பகைவனல்லன். நம் கொடியைத் தோளில் சுமந்து வந்தவன். அவனுக்கு விடை சொல்ல வக்கில்லாத நாம், நாளை பகைவன் கேட்டால் என் செய்வோம்? கருநாடகத்திலே 2015-இல் அரசு விழாவாகத் தொடங்கிய திப்பு பிறந்தநாளை 2019-இல் வந்த அரசு நிறுத்திவிட்டது. அங்கே எழுந்த கேள்விகள் ஆத்தூர்க் கணவாயைத் தாண்டி இங்கு வர எத்தனை நாளாகும்? ஆகவே, அன்று சொல்லாத விடையை இன்று எழுதுகிறேன்.

முதலில் மலையைப் பார். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலமேகம்போல் நீண்டு கிடக்கும் கல்வராயன் மலை, கோமுகியைத் தரும் மலை, ஒரு காலத்தில் இரு வாயில்களுக்கு நடுவே நின்ற தூண். வடக்கே செங்கம் கணவாய். தெற்கே ஆத்தூர்க் கணவாய். மைசூர்ப் பீடபூமியிலிருந்து இறங்கிப் பாராமகாலைக் கடந்து ஆர்க்காட்டுச் சமவெளியில் அடியெடுத்து வைக்க விரும்பும் படைக்கு இவ்விரண்டும் முக்கியமான வாயில்கள். ஆத்தூர் வழியாக வருகிறவனுக்கு முதலில் எதிர்ப்படும் பெரும் பாறைக் கோட்டை தியாகதுருகம். கோட்டையை வைத்திருப்பவன் கையில் கதவின் தாழ்ப்பாள்.

அதனால்தான் அந்தக் குன்றுக்கு அத்தனை கிராக்கி! 1760-இல் புதுச்சேரியிலே முற்றுகைக்கு அஞ்சி நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, குதிரைப்படையும் உணவும் தந்தால் தியாகதுருகத்தைத் தருகிறேன் என்று ஐதர் அலியோடு பேரம் பேசினான். ஐதரின் மைத்துனன் மக்தூம் அலி படையோடு இறங்கி வந்தான். கும்பினிப் படையொன்றைத் தோற்கடிக்கவும் செய்தான். அந்த வேளையில் சீரங்கப்பட்டினத்திலே கண்டே ராவ் ஐதருக்கு எதிராகக் கிளம்பவே, வந்த படை திரும்பிற்று. 1761-இன் தொடக்கத்தில் புதுச்சேரி வீழ்ந்தது. அதைத் தொடர்ந்து தியாகதுருகமும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

1767 செப்டம்பரில் செங்கத்திலும், அதே திங்களில் திருவண்ணாமலையிலும் ஐதர் கும்பினியாரோடு மோதினான். வெற்றி அவனுக்கில்லை. ஆயினும் 1769-இல் அவன் செய்த வேலையை எண்ணிப் பார்! பீரங்கி, மூட்டை முடிச்சு, பெரும்படை அத்தனையையும் ஆத்தூர்க் கணவாய் வழியே ஊருக்கு அனுப்பிவிட்டான். திரும்பிப் போகிறான் என்று வெள்ளையர் பெருமூச்சு விட்டனர். அவனோ பொறுக்கி எடுத்த 6,000 குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் பறந்து சென்னைப் பட்டணத்தின் வாயிலிலே போய் நின்றான். கோட்டைக்குள்ளிருந்த கனவான்கள், அவன் சொன்ன இடத்தில் கையெழுத்திட்டார்கள். இந்நாட்டு மன்னன் ஒருவன் கும்பினியாருக்கு அவர்கள் வீட்டு வாசலிலேயே உடன்பாட்டு வாசகம் சொல்லிக்கொடுத்தது, தோழனே, எத்தனை முறை நிகழ்ந்திருக்கிறது இந்நாட்டு வரலாற்றில்?

அந்த ஐதரின் மகன் திப்பு. பிறந்தது தேவனஹள்ளியில், பெயரோ நம் ஆர்க்காட்டிலே அடக்கமான திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயர். 1780-இல் பொள்ளிலூரிலே பெய்லியின் படை நொறுங்கியபோது அவன் இளைஞன். 1782 டிசம்பரில் தந்தை மறைந்தபோது மலபார்ப் போர்முனையில் இருந்தான். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்பாட்டோடு இரண்டாம் போரை முடித்தான். தோற்றவன் போட்ட கையெழுத்தல்ல அது.

இனித் தியாகதுருகம். 1790. மூன்றாம் போர். நிசாமும் மராட்டியரும் கும்பினியோடு கைகோத்துவிட்டனர். கொங்கு நாட்டுக்குள் நுழைந்த ஜெனரல் மெடோசை அலைக்கழித்துவிட்டுத் திப்பு திருச்சிக்கு வந்தான், சுற்றுப்புறத்தைச் சூறையாடினான், பின் வடக்கே திரும்பி டிசம்பரில் தியாகதுருகத்தை வளைத்தான். கோட்டைத் தலைவன் கேப்டன் பிளின்ட். பத்தாண்டுக்கு முன் வந்தவாசியை ஐதருக்கு விடாமல் காத்து நின்ற அதே பிளின்ட். சுற்றிலுமிருந்த ஊர்மக்கள், ஆடுமாடும் அண்டாகுண்டாவும் தூக்கிக்கொண்டு, கோட்டை நிழலிலே பேட்டையில் வந்து அடைந்து கிடந்தனர். பேட்டையைப் பிடிக்கத் திப்புவின் படை இருமுறை பாய்ந்தது. இருமுறையும் பிளின்ட் விரட்டிவிட்டான். திப்பு திருவண்ணாமலையைப் பிடித்தான், பெருமுக்கலைப் பிடித்தான், புதுச்சேரியை நோக்கிப் போனான்.

ஆக, அந்தப் பிள்ளை படித்தது உண்மை. பேட்டைக்குள் நடுங்கிக் கிடந்த உழவனுக்கு அன்று திப்பு கொள்ளைக்காரன், பிளின்ட் காவல்காரன். இதை மறைப்பவன் வரலாற்றுக்கும் உதவான், கட்சிக்கும் உதவான். அந்நாளையப் படை எதுவாயினும், போகும் வழியில் பகைவன் நாட்டு விளைச்சலைத் தின்றும் தீயிட்டும்தான் போயிற்று. மராட்டியப் படை 1791-இல் சிருங்கேரி மடத்தையே சூறையாடிற்று. இதைச் சொல்வதால் பேட்டையில் அழுத குழந்தையின் கண்ணீர் காய்ந்துவிடாது.

ஆனால், பிள்ளாய், இன்னொன்றும் கேள். அந்தக் காவலுக்குக் கூலி யார் கொடுத்தது?

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, வாலாஜா என்று பட்டம் பூண்டவன், கும்பினிப் படை காத்த அரியணையில் ஏறத்தாழ 45 ஆண்டு அமர்ந்திருந்தான். காவல் படைக்குச் செலவு என்று கும்பினி கணக்கு நீட்டும், நவாபு கையொப்பமிடுவான். கணக்கைத் தீர்க்கப் பணமில்லையென்றால், கும்பினி அலுவலர்களே தம் சொந்தப் பெயரில் கொடிய வட்டிக்குக் கடன் கொடுப்பர். கடனுக்கு ஈடு? ஊர்களின் நிலவரி! விளையாத பயிரும் அடைமானம், உழவனின் வியர்வையும் அடைமானம். அந்தக் கடன் நாற்றம் கடல் கடந்து போய், 1785-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்திலே எட்மண்டு பர்க் எழுந்து நின்று மணிக்கணக்கில் இடித்துரைக்க வேண்டியதாயிற்று. கடைசியில், 1801 ஜூலையில், ஆர்க்காட்டு நாடு முழுவதையும் கும்பினியே விழுங்கிற்று. அதில் தியாகதுருகமும் கள்ளக்குறிச்சியும் அடக்கம்.

பிளின்டின் சுவர் அந்த டிசம்பரில் உழவனைக் காத்தது, மெய்தான். அந்தச் சுவருக்கான வாடகையை அவன் பேரன் பேரன்மார் வரை கட்டினார்கள் என்பதும் மெய்.

திப்புவின் தனித்தன்மை இங்கேதான் தெரிகிறது எனக்கு. வாள் வீசியவர் பலர். அவனைவிடத் திறமாக வீசியவரும் உண்டு. ஆனால், கும்பினிப் படையைத் தன் நாட்டில் கூலிக்கு வைத்துக்கொண்டு, அந்தக் கூலிக்காகத் தன் குடியை அடகு வைக்கும் ஏற்பாட்டில் அவன் சிக்கவேயில்லை. நிசாம் 1798-இல் சிக்கினான். முகமது அலி தொடக்கத்திலேயே சிக்கியிருந்தான். 1792-இல் திப்புவின் நாட்டில் பாதியைப் பிடுங்கினர். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டம் போட்டனர். தீரும்வரை சின்னஞ்சிறு மைந்தர் இருவரைப் பிணையாகக் கொண்டுபோயினர். கொடுத்தான், பணத்தைக் கட்டிப் பிள்ளைகளை மீட்டான். 1799 ஏப்ரலில், எஞ்சிய நாட்டில் பாதி, 2 கோடி ரூபாய், மைந்தர் நால்வர் என்று மறுபடியும் கேட்டனர். மே 4-ஆம் நாள், கோட்டை உடைந்த இடத்துக்கருகே, பிணக்குவியலின் நடுவே, சாதாரண வீரனைப்போல் செத்துக் கிடந்தான்.

அவன் வீழ்ந்தபின் நடந்ததைப் பார், அவன் எதைத் தாங்கி நின்றான் என்பது விளங்கும். ஐந்தே திங்களில், 1799 அக்டோபர் 16-இல், கயத்தாற்றிலே கட்டபொம்மன் தூக்கில் தொங்கினான். அதே அக்டோபரில் தஞ்சை மன்னன் தன் நாட்டைக் கும்பினியிடம் ஒப்படைத்தான். 1801-இல் ஆர்க்காடு போயிற்று. மருதிருவர் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டனர். 1805-இல் சங்ககிரியிலே தீரன் சின்னமலை. அணை உடைந்தால் வயலெல்லாம் வெள்ளம் பாயாதோ!

இத்தனையும் சொல்லிவிட்டு, அவன் குறையைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தத் தேநீர்க்கடைப் பேச்சாளர்களில் ஒருவனாகிவிடுவேன். குடகரை ஆயிரக்கணக்கில் பிடித்துச் சீரங்கப்பட்டினத்துக்கு ஓட்டிச் சென்றான். மங்களூர்க் கிறித்தவரை, ஆங்கிலேயருக்கு உதவினரென்று, வீடு வாசலை விட்டுப் பெயர்த்துச் சிறை வைத்தான். மலபாரிலே கிளர்ச்சியை ஒடுக்குகிறேன் என்று கட்டாய மதமாற்றம் செய்தான். இவை பகைவர் புனைந்தவை மட்டுமல்ல. அவன் கடிதங்களிலேயே தடயம் உண்டு. மறுபுறம், மராட்டியர் சூறையாடிய சிருங்கேரி மடத்துக்கு அவன் எழுதிய கன்னடக் கடிதங்களும் உண்டு. சிலையை மீண்டும் நிறுவப் பொருள் கொடுத்தான். மடத்தலைவரைப் பணிவோடு விளித்தான். 1916-இல் மைசூர்த் தொல்பொருள் துறைத் தலைவர் நரசிம்மாச்சார் அவற்றைக் கண்டெடுத்தார். ஒருவன் குடகை மட்டும் காட்டுகிறான். இன்னொருவன் சிருங்கேரியை மட்டும் காட்டுகிறான். இருவர் கையிலும் இருப்பது கிழிந்த ஏடு. மதத்துக்காக வாளெடுத்தான் என்பதைவிட, எதிர்த்தவனை அடியோடு பெயர்ப்பது, அடங்கியவனை அணைப்பது என்ற கொற்றத்தின் பழைய கணக்கையே அவன் போட்டான் என்பது என் எண்ணம். அந்தக் கணக்கில் பெயர்க்கப்பட்ட மக்களுக்கு அது ஆறுதலாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் செய்த அரசியல் பிழை வேறு. 1786-இல் துருக்கிச் சுல்தானுக்குத் தூது அனுப்பினான். 1788-இல் அவன் தூதர்களைப் பதினாறாம் லூயி வரவேற்றான், படைதான் தரவில்லை. 1791-இல் புதுச்சேரிப் பக்கம் வந்து, பிரெஞ்சுப் படை 6,000 கேட்டு மறுபடி ஆளனுப்பினான். ஆண்டான் அரியணையே ஆடிக்கொண்டிருந்தபோது லூயி எங்கே படை அனுப்புவது! அவன் புதுச்சேரியருகே காத்துக் கிடந்த வேளையில் கார்ன்வாலிஸ் படை திரட்டிக்கொண்டு மலையேறி, மார்ச்சில் பெங்களூரைப் பிடித்துவிட்டான். கடலுக்கு அப்பால் நண்பனைத் தேடியவன், 1789 டிசம்பரில் அண்டை வீட்டுத் திருவாங்கூரின் அரணில் மோதிக் கும்பினிக்குப் போர் தொடுக்கச் சாக்குக் கொடுத்தான். இதுவே அவன் வாழ்வின் பெருந்தவறு என்பேன்.

மேடைகளில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. புலிச் சின்னமும் ஏவுகணையும் கைதட்டல் வாங்குகின்றன. வருவாய்த் துறை விதிகள் என்றால் கூட்டம் கொட்டாவி விடும்! ஆயினும் சொல்கிறேன். திப்பு தன் அமில்தார்களுக்கு விதித்த வருவாய் விதிகளை ஆங்கிலேயரே மொழிபெயர்த்து 1792-இல் கல்கத்தாவில் அச்சிட்டனர். அவற்றிலே காண்பது: ஏர் வாங்க வகையற்ற குடியானவனுக்கு அமில்தார் முன்பணம் தர வேண்டும். ஊர்ப் பட்டேல் தன் நிலத்தைக் குடிகளைக் கொண்டு உழுவிக்கக் கூடாது. உழுவித்தால் அந்த விளைச்சல் முழுதும் அரசுக்கு. பாளையக்காரரையும் சாகீர்தாரையும் ஒதுக்கிவிட்டு உழவனிடம் நேரே வரி வாங்குவது அவன் ஆட்சியின் போக்கு. உழவன்மீது கொண்ட காதலா? போருக்குப் பணம் வேண்டும். இடையில் உட்கார்ந்து தின்பவன் இருக்கக் கூடாது! வரி கனமானதுதான், விதி ஏட்டில் இருந்தபடி ஊரில் நடந்ததென்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டி வேலை குற்றம் என்று ஓர் அரசன் 18-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தான், பார்த்தாயா?

இப்போது மறுபடி மலையைப் பார், தோழனே.

1792-இல் சேலமும் பாராமகாலும் கும்பினிக்கு வந்தன. கேப்டன் ரீடு, அவன் கீழ் மன்றோ, நிலத்தை அளந்தார்கள், இரயத்துவாரிக்கு வித்திட்டார்கள். சமவெளியில் ஒரு முழம் நிலம் தப்பவில்லை. ஆனால் கல்வராயன் மலை? அங்கே சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று சாகீர்கள் இருந்தன. காஞ்சியிலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்கள் அவற்றின் குடிகள். கும்பினியை அந்தச் சாகீர்கள் எதிர்க்கவில்லை. கும்பினியும் அவற்றைத் தொடவில்லை. பீரங்கி வைத்திருந்த சாகீர்தாரெல்லாம் பகைவன். தலையாட்டியவன் தலைமுறை தலைமுறையாக அப்படியே இருக்கட்டும்! இதுதான் வெள்ளையன் வகுத்த நீதி.

எத்தனை தலைமுறை? கும்பினி போய் விக்டோரியா வந்தாள். வெள்ளையன் போய் 1947 வந்தது. 1950-இல் அரசமைப்புச் சட்டம் வந்தது. சமவெளியிலே சமீன் ஒழிந்தது. மலையிலே உழவன் தன் ஏருக்குச் சாகீர்தாரிடம் வரி கட்டிக்கொண்டிருந்தான். கூலியின்றி அவர் நிலத்தில் உழைத்துக்கொண்டிருந்தான். சாகீர் ஆட்சி முடிந்து மலை முழுதாக அரசின் கீழ் வந்தது 1976-இல்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே. திப்பு மாண்டு 177 ஆண்டு கழித்து!

நம் விழாக்களில் இந்த எண்ணை யாரேனும் சொல்லக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. சீரங்கப்பட்டினத்தைப் பற்றிப் பேசும் நாக்கு, வெள்ளிமலையைப் பற்றிப் பேசும்போது ஏன் ஒட்டிக்கொள்கிறது? சாகீர்தாருக்கும் ஒரு காலத்தில் ஓட்டு வலிமை இருந்தது என்பதாலோ? எல்லாக் கட்சிக்கும் பொருந்தும் கேள்வி இது. நம்மை விலக்கி நான் கேட்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே நச்சுச் சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. மலைக் காடுகளில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று நாடு முழுதும் பேசிற்று. அதன்பின்தான் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து, அம்மலை மக்களுக்குச் சாலை எங்கே, வாழ்வுக்கு வழி எங்கே என்று அரசைக் கேட்டது. 1976 வரை சாகீர் இருந்த கதை பல செய்தித்தாள்களில் அப்போதுதான் ஏறிற்று. அறுபது பிணம் விழுந்த பிறகு!

தியாகதுருகத்துப் பிள்ளையை மறுபடி சந்தித்தேன். இதையெல்லாம் சொன்னேன். "உங்கள் ஊரை வளைத்தவன் அவன், உண்மை. உங்கள் ஊரைக் காத்தவன் பிற்பாடு அதை விழுங்கினான், அதுவும் உண்மை. விழுங்காமல் தடுக்கத் தெற்கே இருந்த பெரும் வலிமை அவனொருவனே" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மேடையில் இதைச் சொன்னால் கைதட்டுவார்களா?" என்றான். தட்ட மாட்டார்கள் என்றேன்.

அவன் சிரித்தான். அடுத்த நிகழ்ச்சியைக் கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் வைக்கலாம், மறுநாள் காலை வெள்ளிமலைக்குப் போகலாம், முதியவர் சிலர் இன்னும் இருக்கிறார்கள், சாகீர் காலத்தில் ஏருக்கு என்ன கொடுத்தோம், எத்தனை நாள் கூலியில்லாமல் உழைத்தோம் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றான். நாள் குறித்தாயிற்று. பேச்சாளர் யார் என்று கேட்டேன். பேச்சாளர் வேண்டாம், எழுதத் தெரிந்த பத்துப் பேர் போதும் என்கிறான். ஒன்பது பேர் பெயர் கொடுத்துவிட்டனர்.